ஒன்பது பேர் இழுத்த புதினா

நகரசபையில் பேச சுனில்டாவுக்கு மூன்று நிமிடம் கொடுத்திருந்தார்கள். அவளைப் பொறுத்தவரை அதில் இரண்டே முக்கால் நிமிடம் அதிகம். கடைக்கு வருகிற லாரிக்காரனை நிற்க வைத்து அரை நாள் பேசச் சொன்னால் பேசுவாள். ஆனால் ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்திவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மகளின் பள்ளிக்கூட விழாவில் ஒரு தடவை நன்றியுரை சொல்ல மேடையேறி, தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தவள் அவள். கைதட்டல் என்னவோ நிறையக் கிடைத்தது. அன்றைக்குச் சுருக்கமாக முடித்தது அவள் ஒருத்திதான்.

"மனப்பாடம் பண்ணாத சுனி. மனசுல இருக்கறத அப்படியே சொல்லு," என்றான் அவள் புருஷன் எலிஹியோ, பனிக்கட்டியை உடைத்துக் குடுவைக்குள் போட்டபடி.

"மனசுல இருக்கறத சொன்னா வெளியில தூக்கிப் போட்டுருவாங்க."

"அப்போ பாதிய சொல்லு. ஆனா ஒண்ணு, முடிக்கும்போது நன்றின்னு மட்டும் சொல்லிடாத. போதும், இதுக்கு மேல வேணாம்னு எடுத்துக்குவாங்க."

சான் ஹெர்வாசியோவில் அப்படித்தான். தெரெரே என்கிற பனிநீர் மூலிகைப் பானத்தைச் சேர்ந்து குடிக்கிற வட்டத்தில் ஒருவன் 'நன்றி' என்றால், இனி என் முறைக்கு ஊற்றாதே என்று பொருள். மற்றபடி அந்த ஊரில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி அவள் கேட்டதில்லை.

மனதில் இருந்தது இதுதான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு சின்னக் கடை. மின் சிகரெட், அதற்கான திரவங்கள், அதற்கான பஞ்சு, மின்கலம். வேறு எதுவும் கிடையாது. முதலில் அதை ஆரம்பித்ததே எலிஹியோவுக்காக. பேருந்து ஓட்டுகிற அவன், சிகரெட் பற்ற வைப்பதற்காகப் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, "ரேடியேட்டர் சூடாயிடுச்சு" என்று பயணிகளிடம் சொல்கிறவனாக இருந்தான். ரேடியேட்டர் ஒரே பயணத்தில் நான்கு தடவை சூடாகும். பிறகு புதினா வாசனைக் கருவிக்கு மாறினான். வண்டி இப்போதெல்லாம் நேரத்துக்குப் போகிறது. "முன்னைக்கு இது தேவலாம், அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். இதையும் ஒரு நாள் தூக்கிப் போடு," என்றார் டாக்டர். எலிஹியோ அந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இப்போது நகரசபைக்கு ஒரு சட்ட முன்வரைவு வந்திருந்தது. மின் சிகரெட்டும் புகையிலைதான் என்கிறது அது. புகையிலை என்றால் உரிமம் உள்ளவன்தான் விற்கலாம். உரிமம் ஊரிலேயே மூன்று பெட்டிக்கடைகளுக்குத்தான் உண்டு. புதிதாக யாருக்கும் தருவதில்லை. ஆக, வாழ்நாளில் ஒரு புகையிலைத் துணுக்குகூட விற்காத சுனில்டா கடையை மூட வேண்டும். காலம் காலமாகச் சிகரெட் விற்கிறவர்கள் நாளையிலிருந்து இதையும் சேர்த்து விற்கலாம். அந்த மூன்றில் ஒரு கடை பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. அதன் சொந்தக்காரன் நிகனோர், நகரசபைத் தலைவர் தோன் ஃபுல்ஹென்சியோவின் மச்சான்.

எல்லாவற்றுக்கும் மேல், அந்த முன்வரைவைக் கொண்டுவந்தது பிரிசிலியானா. பள்ளித் தலைமையாசிரியை, கவுன்சிலர், சுனில்டாவின் மகளுக்கு ஞானத்தாய். குழந்தையை ஞானஸ்நானத் தொட்டியில் முழுக்காட்டித் தூக்கிய அந்த நாளிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு மாணவனின் பையில் பபிள்கம் வாசனை அடிக்கிற ரோஸ் நிறக் கருவி ஒன்றைப் பிரிசிலியானா கண்டெடுத்தாள். அன்றிலிருந்து 'கொமாத்ரே' என்ற சொல்லையே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் விக்கல கொமாத்ரே. சத்தியமா," என்றாள் சுனில்டா.

"நீ விக்கல. நீ கொண்டுவந்த சாமானை வேற யாரோ விக்கறாங்க. வித்தியாசம் என்ன கொமாத்ரே?"

அந்தப் பையன் அதை எங்கே வாங்கினான் என்று சுனில்டாவுக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் பிள்ளைகள் பேசாத பேச்சா? அதைத்தான் அவள் மனதிலேயே பூட்டி வைத்திருந்தாள். தலைவரின் மச்சானைப் பற்றித் தலைவரின் முகத்துக்கு நேரே சொல்ல ஒலிவாங்கி மட்டும் போதாது, வேறொரு வாயும் வேண்டும்.

பிப்ரவரி வெயிலில் நகரசபைக் கூடம் அடுப்பு மாதிரி இருந்தது. கூரைவிசிறி சுற்றுவதாகச் சத்தம் மட்டும் போட்டது. ஒன்பது கவுன்சிலர்களும் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஊர் மக்கள். சன்னலோரம் உள்ளூர் வானொலியின் சிரியாக்கோ, கூட்டத்தை நேரடியாக ஒலிபரப்பிக்கொண்டிருந்தான். சந்தையில் பன்றி தப்பித்து ஓடினாலே கால்பந்தாட்ட வேகத்தில் வர்ணிக்கிறவன் அவன்.

தெரெரே ஊற்றுகிற சேவகன் அன்று விடுப்பு. தெரெரே இல்லாமல் கூட்டம் நடத்துவது அந்த ஊரில் நாற்காலி இல்லாமல் உட்காருவது போல. குடுவையோடு வந்த எலிஹியோவைப் பார்த்ததும் தலைவர் விரலைச் சொடுக்கினார்.

"வாய்யா, நீதான் இன்னைக்கு ஊத்தறவன். மூலிகை என்ன போட்டிருக்க?"

"புதினாவும் எலுமிச்சைப் புல்லும், தோன் ஃபுல்ஹென்சியோ."

"நல்லது. சட்டத்த அப்புறம் பாப்போம், முதல்ல ஊத்து."

மாட்டுக்கொம்புக் குவளை ஒன்று, அதில் இலைத்தூள், ஒரே ஒரு உலோகக் குழல். ஊற்றுகிறவன் பனிநீரை விட்டு நீட்டுவான். வாங்கினவன் உறிஞ்சிவிட்டு அவனிடமே திருப்பித் தருவான். அடுத்தவனுக்கு மறுபடி. குழலை யாரும் துடைக்க மாட்டார்கள், துடைத்தால் சண்டை வரும். யாரும் குனிந்து பார்க்கவும் மாட்டார்கள். பேச்சு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், கைக்கு வந்தது வாய்க்குப் போகும். தாய்ப்பால் மறந்த நாளிலிருந்து பழகியது.

தலைவருக்கு அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் வீடு போக வேண்டியிருந்தது. அதனால் சுனில்டாவைப் பேச விடுவதற்கு முன்பே முதல் பிரிவை ஓட்டுக்கு விட்டார். பிரிசிலியானா எழுந்து நின்று வாசித்தாள்:

"வாயால் உறிஞ்சப்பட்டு, புகையாகவோ ஆவியாகவோ வெளியே விடப்படுவது எதுவாயினும், அது புகையிலை என்றே கொள்ளப்படும். இந்த நிமிடம் முதல் அமலுக்கு வரும்."

"இந்த நிமிஷமேவா? திங்கக்கிழமை வச்சுக்கலாமே," என்றார் பருத்த கவுன்சிலர் தோன் எவாரிஸ்டோ.

"நீங்க எல்லாத்தையும் திங்கக்கிழமைக்குத்தான் வச்சிருக்கீங்க தோன் எவாரிஸ்டோ. உங்க உணவுக் கட்டுப்பாடும் அப்படித்தான்."

கூடம் சிரித்தது. ஒன்பது கையும் உயர்ந்தன. முதல் பிரிவு நிறைவேறியது.

"இப்போ நீ பேசும்மா," என்றார் தலைவர். சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிக் குசுகுசுக்க ஆரம்பித்தார்.

சுனில்டா எழுந்தாள். "என் பேரு சுனில்டா," என்றாள். அதோடு நின்றது.

நாக்கு நகரவில்லை. எலிஹியோ எதிரிலிருந்து உதட்டை அசைத்து அசைத்துச் சொல்லிக்கொடுத்தான். பள்ளிக்கூட நாடகத்தில் பிள்ளைக்கு வசனம் எடுத்துக்கொடுக்கிற அப்பன் மாதிரி அவன் கண் முழுக்க அவள் மேல்தான் இருந்தது. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சுனில்டா பைக்குள் விட்டாள். காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த கருவி அகப்பட்டது. ஒல்லியான உலோக உடம்பு, தட்டையான வாய். அவள் கடைக்கு வருகிறவர்கள் தெரெரே குடித்துப் பழகியவர்கள் என்பதால் அதே புதினா, அதே எலுமிச்சைப் புல் வாசனையைத்தான் அதில் ஊற்றுவாள். கடையில் முகர்ந்து பார்ப்பதற்கென்று வைத்திருந்தது அது. நிகோடின் துளியும் கிடையாது.

"இ... இதுதான்," என்று தலைவரிடம் நீட்டினாள்.

"அந்தப் பெனால்டி குடுத்திருக்கவே கூடாதுய்யா," என்று சொல்லிக்கொண்டே தலைவர் வாங்கினார். கைக்கு வந்தது வாய்க்குப் போனது. ஒரு இழுப்பு இழுத்தார். பக்கத்தில் குடுவையோடு நின்ற எலிஹியோவிடம் திருப்பிக் கொடுத்தார்.

எலிஹியோ மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கை மட்டும் அவனைக் கேட்காமல் தன் வேலையைப் பார்த்தது. அடுத்தவரிடம் நீட்டினான். அவர் இழுத்தார். அடுத்தவர். அதற்கடுத்தவர். தண்ணீர் என்று நினைத்து விழுங்கப் பார்த்ததால் ஆவி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கே கசிந்தது.

இதையெல்லாம் பார்த்தவள் சுனில்டா ஒருத்திதான். தடுக்கக்கூடியவளும் அவள்தான். வாயைத் திறந்தாள். "என் பேரு..." என்று வந்தது. மூடிக்கொண்டாள்.

தோன் எவாரிஸ்டோ இழுத்துவிட்டு முகம் சுளித்தார். "வாசனையெல்லாம் பிரமாதம். தண்ணிதான் வரல. குழல்ல இலை அடைச்சிருக்குய்யா, பாரு." சொன்னாரே தவிரத் தன் முறையை முடிக்காமல் விடவில்லை. இன்னொரு தடவை பலமாக இழுத்தார்.

கடைசியில் பிரிசிலியானா. இரண்டாவது பிரிவில் ஒரு திருத்தம் எழுதிக்கொண்டிருந்தாள். கண் தாளில் இருக்க, இடது கையை நீட்டி வாங்கினாள். காலையிலிருந்து பேசிக் களைத்த தொண்டை. நீளமாக, நிதானமாக, கண்ணை மூடி இழுத்தாள். பிறகு மூச்சு விட்டாள்.

இரண்டு மூக்குத் துவாரத்திலிருந்தும் இரண்டு வெள்ளைக் கோடுகள் நேராக இறங்கி, மேசையில் கிடந்த சட்ட முன்வரைவின் மேல் படர்ந்தன.

"நேயர்களே!" சிரியாக்கோவின் குரல் எகிறியது. "கவுன்சிலர் பிரிசிலியானாவின் மூக்கிலிருந்து வெண்புகை! வெண்புகை வந்துவிட்டது! புதிய போப்பாண்டவர் யார் என்று இன்னும் தெரியவில்லை! இதோ தலைவர் இருமுகிறார், அவரும் இதே குழலைத்தான் இழுத்தார்!"

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. பிரிசிலியானா கையிலிருந்ததைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு எலிஹியோவைப் பார்த்தாள். எலிஹியோ தன் இடது கையில் யாருக்கும் கொடுக்காமல் நிரம்பியபடியே இருந்த குவளையைப் பார்த்தான். தலைவரின் கைப்பேசி அலறியது. எடுத்தார். அவர் மனைவியின் குரல் கடைசி வரிசைவரை கேட்டது.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா மனுஷா? சிகரெட்ட விடறேன்னு கன்னி மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டது என்னாச்சு? ரேடியோவுல ஊரே கேக்குது!"

"ஐயோ, இது தெரெரேடி!"

"தெரெரேல எதுக்குப் புகை வருது?"

தோன் எவாரிஸ்டோ நெற்றியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். "எனக்குத் தலை சுத்துது. நிகோடின்! நிகோடின் ஏறிடுச்சு!"

அப்போதுதான் சுனில்டாவின் நாக்கு அவிழ்ந்தது. ஒலிவாங்கிக்காக அல்ல. கடை வாசலில் ஒருத்தன் பொருளைப் பற்றித் தப்பாகப் பேசினால் எப்படி அவிழுமோ அப்படி.

"அதுல நிகோடினே இல்ல தோன் எவாரிஸ்டோ. வெறும் வாசனை. பசி மயக்கமா இருக்கும்."

எவாரிஸ்டோ ஒரு கணம் யோசித்தார். தலைசுற்றல் நின்றுவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

"கேட்டீங்களா?" தலைவர் மேசையைத் தட்டினார். "ஒண்ணுமே இல்லாத புதினா. புகையிலையே இல்ல. விஷயம் முடிஞ்சுது."

"முடியல," என்றாள் பிரிசிலியானா. முகம் செக்கச் சிவந்திருந்தாலும் குரல் நடுங்கவில்லை. "முதல் பிரிவு என்ன சொல்லுது? உறிஞ்சி, ஆவியா வெளியே விட்டா அது புகையிலை. அமல்ல இருக்கு. நகரசபைக் கட்டடத்துல புகையிலை பிடிச்சா என்ன தண்டனைன்னு உங்களுக்கே தெரியும்."

எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் மொத்தமும் வெளியே வருகிற நேரத்தில் சதுக்கத்தைப் பெருக்க வேண்டும். அந்தச் சட்டமும் பிரிசிலியானா கொண்டுவந்ததுதான். போன வருடம் ஒரு மாப்பிள்ளை பதிவுத் திருமணத்துக்கு வந்த இடத்தில் பற்ற வைத்து, கல்யாணக் கோட்டோடு பெருக்கினான்.

"அம்மா தாயே, நீங்களும்தான் இழுத்தீங்க," என்றார் தலைவர்.

"நானும் பெருக்குவேன்."

அவள் செய்வாள் என்று எல்லோருக்கும் தெரியும். மற்ற எட்டுப் பேரும் ஒரே குரலில் இது புகையிலை இல்லை, இல்லவே இல்லை, புகையிலைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது என்று அடித்துப் பேச ஆரம்பித்தார்கள். சுனில்டா தன் மூன்று நிமிடத்தில் சொல்ல நினைத்திருந்ததை அவர்கள் இன்னும் அழகாகச் சொன்னார்கள்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றாள் அவள். எல்லோரும் திரும்பினார்கள். "ஆனா நீங்க சொல்ற மாதிரி இல்ல. இது நல்ல சாமான்னு நான் சொல்லல. என் புருஷனே இதையும் விடணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"அத எதுக்கு இங்க சொல்ற?" என்றான் எலிஹியோ.

"நீ சும்மா இரு. கொமாத்ரே, நீங்க எழுதின சட்டத்துல வாசனைத் தண்ணியும் புகையிலை, சிகரெட்டும் புகையிலை. கொதிக்கற பானைல ஆவி பிடிச்சா அதுவும் புகையிலை. ஜலதோஷம் வந்தவன்லாம் சதுக்கத்தப் பெருக்கணும். இது வேற சாமான். இதுக்கு வேற சட்டம் எழுதுங்க. உள்ள என்ன இருக்குன்னு மேல எழுதியிருக்கணும்னு போடுங்க. பரிசோதிச்ச சரக்குதான் விக்கணும்னு போடுங்க. பதினெட்டு ஆகாதவங்க கடைப்படி ஏறக்கூடாதுன்னு போடுங்க. என் கடையில அந்த போர்டு ஏற்கெனவே தொங்குது. புகையிலையோட சேர்த்தீங்கன்னா யார் கைக்குப் போகும்? உரிமம் வச்சிருக்கறவங்க கைக்கு. அவங்க..."

நின்றாள். தலைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மனதிலிருப்பதில் பாதியைச் சொல்லியாகிவிட்டது. மீதிப் பாதி தொண்டையில் உட்கார்ந்திருந்தது. அதை விழுங்கினால் ஒருவேளை கடை பிழைக்கும். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

"அவங்க?" என்றாள் பிரிசிலியானா.

"அந்த ரோஸ் கலர் சாமான் நிகனோர் கடைல வாங்கினது கொமாத்ரே. நோட்டுப் புத்தகம் அடுக்கியிருக்கிற தட்டுக்குப் பின்னாடி, மிட்டாய் டப்பாவுல இருக்கு. இப்போ திருட்டுத்தனமா விக்கறாரு. உங்க சட்டம் வந்தா சன்னல்ல வச்சு விப்பாரு."

"என் மச்சான் அப்படிப்பட்டவன் இல்ல!" என்று எழுந்தார் தலைவர்.

பிரிசிலியானா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, நேரே வாசலுக்கு நடந்தாள். மற்ற கவுன்சிலர்கள் பின்னால் போனார்கள். ஊர் மக்கள் பின்னால் போனார்கள். ஒலிவாங்கியின் கம்பி எட்டுகிறவரை சிரியாக்கோவும் போனான்.

சதுக்கத்தைத் தாண்டினால் நிகனோரின் பெட்டிக்கடை. இத்தனை வருடத்தில் மதியத் தூக்கத்துக்குக்கூட ஒரு கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு தூங்குகிறவன் அவன். அன்று காலை பத்து மணிக்கே கதவு இறுகச் சாத்தியிருந்தது. உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது. பாடியதும் சிரியாக்கோவின் குரலில்தான்: "கூட்டம் இப்போது கடை வாசலை நெருங்கிவிட்டது!"

"நிகனோர்! கதவத் திற!" என்று தட்டினாள் பிரிசிலியானா.

உள்ளே வானொலி சட்டென்று நின்றது.

"தூங்கறேன் டீச்சர்!" என்று பதில் வந்தது.

"தூங்கறவனுக்கு வந்தது டீச்சர்னு எப்படித் தெரியும்?"

பிறகு கதவு திறந்தது. நிகனோர் மிட்டாய் டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, எட்டு மாதக் கர்ப்பிணி போல நின்றான். தலைவர் தன் மச்சானின் வயிற்றைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்றார். ஒரு மேகம்கூட இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் முதல் பிரிவை ஒன்பது கையும் உயர்த்தி ரத்து செய்தார்கள். மின் சிகரெட்டுக்கென்று தனிச் சட்டம் எழுதுவது என்று முடிவாகி, அன்று மாலையே எழுத உட்கார்ந்தார்கள். சுனில்டா சிரித்த முகத்தோடு அங்கே போனாள். ஆனால் எழுதுகோல் பிரிசிலியானாவின் கையில் இருந்தது.

"பஞ்சுமிட்டாய் வாசனை எடுத்துடணும்," என்றாள் பிரிசிலியானா.

"கொமாத்ரே! அதான் நல்லா ஓடறது. லாரிக்காரங்க விரும்பிக் கேக்கறாங்க."

"லாரிக்காரன் புதினா இழுக்கட்டும்."

"மாம்பழம்?"

"மாம்பழமும் பிள்ளைங்க சாமான்தான்."

"மாம்பழம் எல்லாரும் திங்கறதுதானே கொமாத்ரே. உங்க வீட்டு மரத்துலயே காய்க்குது."

பிரிசிலியானா யோசித்தாள். அவள் வீட்டு மாமரத்தைப் பற்றி யாராவது பேசினால் இளகிவிடுவாள் என்று சுனில்டாவுக்குத் தெரியாதா?

"சரி, மாம்பழம் இருக்கட்டும். ஆனா கடை வாசல்ல பெருசா ஒரு போர்டு. 'இது மருந்து இல்ல. புகை பிடிக்காதவங்க இத ஆரம்பிக்காதீங்க.' உன் கையாலயே எழுதி மாட்டற."

"என் கடைக்கு வரவங்களை நானே விரட்டணுமா?"

"வர வேண்டியவங்க வருவாங்க. உன் புருஷன் வரல?"

சுனில்டா ஒப்புக்கொண்டாள். கடைசியாகத் தோன் எவாரிஸ்டோவின் வற்புறுத்தலால் ஒரு பிரிவு சேர்ந்தது: மேற்படி கருவியைத் தெரெரே வட்டத்தில் சுற்றவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனம் வெளியே வந்தபோது, பிரிசிலியானா சதுக்கத்தின் நடுவில் துடைப்பத்தோடு நின்றாள்.

"அந்தப் பிரிவுதான் ரத்தாயிடுச்சே டீச்சர்," என்றார்கள்.

"நான் இழுக்கும்போது அது உசுரோடதான் இருந்துச்சு."

சற்று நேரத்தில் தலைவரும் ஒரு துடைப்பத்தோடு வந்தார். அவராக வரவில்லை, பின்னால் அவர் மனைவி வந்துகொண்டிருந்தாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். தோன் எவாரிஸ்டோ மட்டும் திங்கட்கிழமை பெருக்குவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

சுனில்டா தன் வீட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து பிரிசிலியானாவின் பக்கத்தில் பெருக்க ஆரம்பித்தாள்.

"உனக்கென்ன? நீ இழுக்கலியே."

"கருவி என்னோடது. கை என் புருஷனோடது."

இருவரும் லப்பாச்சோ மரத்தடிவரை சேர்ந்தே பெருக்கினார்கள். அங்கே எலிஹியோ குடுவையும் குவளையுமாக உட்கார்ந்திருந்தான். பனிநீர் ஊற்றிப் பிரிசிலியானாவிடம் நீட்டினான். அவள் உடனே வாங்கவில்லை. துடைப்பத்தை மரத்தில் சாய்த்து, கைப்பையைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குவளைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். குழலை விரலால் ஆட்டிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் வாயில் வைத்தாள்.

அடிவரை உறிஞ்சினாள். குவளையைத் திருப்பிக் கொடுத்தாள்.

நன்றி என்று சொல்லவில்லை. எலிஹியோ அடுத்த சுற்றுக்குப் பனிக்கட்டி உடைத்தான்.